மஞ்சள் பாட்டில் இருந்த வரை

எங்கள் லேப் மேனேஜருக்குப் பீரங்கி என்று பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆள் ஒல்லி, தொண்டை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது. அவருக்குச் சும்மா கத்தத் தெரியாது. கத்தும்போது எதையாவது தட்டியாக வேண்டும். மேஜை, கதவு, பலகைச் சுவர், அடுத்தவர் கையில் இருக்கும் ஃபைல், எது அகப்பட்டாலும் சரி. "நான் கொஞ்சம் கோபக்காரன், பிறவிக் குணம். மத்தபடி மனசுல ஒண்ணும் கிடையாது" என்று அவரே சொல்லிக்கொள்வார். மனசில் ஒன்றும் கிடையாது என்பதை நாங்களும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

எங்களுடையது இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. உலையிலிருந்து வரும் உலோகத்தில் ஒரு துண்டை வெட்டி, பளபளவென்று தேய்த்து, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்லது கெட்டது சொல்வது லேபின் வேலை. நான் அங்கே சீனியர் கெமிஸ்ட். என் தங்கச்சி அந்த வருஷம்தான் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தாள். வீட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பவளுக்கு, பீரங்கி முன்னால் நின்றால் வாயில் பூட்டு விழுந்துவிடும். அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வது அவர்தான்.

அவளுக்குக் கொடுத்திருந்த வேலை எடை போடுவது. எங்கள் தராசு மூச்சுக் காற்றுக்கே ஆடும். கண்ணாடிக் கதவை மூடி, எண் நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பீரங்கி வருவார். "ஒரு எடை போட இவ்வளவு நேரமா?" என்று தராசு மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. எண் துள்ளிக் குதிக்கும். "பாரு, உன் கையில எந்த எடையாவது நிக்குதா?" என்று இன்னொரு தட்டு. நீங்கள் தட்டுவதால்தான் ஆடுகிறது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

"அக்கா, நான் வேலைய விட்டு நின்னுடட்டுமா?" என்று வீட்டில் ஒருநாள் கேட்டாள். அப்போது அவள் கை, டம்ளரில் இருந்த தண்ணீரைச் சிந்திக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே எல்லோருக்கும் சுத்தத்தின் மேல் பக்தி வந்துவிட்டது. அமில அலமாரியைத் துடைக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்த அலமாரி மேனேஜர் அறையின் பலகைச் சுவரை ஒட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி. கீழ்த்தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. டார்ச் அடித்தேன். உள்ளே மஞ்சளாகக் கட்டி தட்டிப் போயிருந்தது. மூடியைச் சுற்றிச் சர்க்கரை சிந்தியது போல மஞ்சள் பொடி.

பிக்ரிக் அமிலம். முன்பு துண்டுகளின் மேல் தடவ அதைத்தான் கரைத்துப் பயன்படுத்தினார்கள். பிறகு வேறு அமிலத்துக்கு மாறினார்கள், இதை மறந்தார்கள். தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் வரை அது சமர்த்து. அவ்வப்போது பார்த்துத் தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். காய விட்டால் வெடிமருந்து. இடி, உரசல், சூடு எதுவும் அதற்கு ஆகாது. மூடியின் மரையில் காய்ந்து ஒட்டியிருந்தால், திறக்கிற அந்த ஒரு திருகலே போதும். நான் அலமாரிக் கதவைக்கூட மூடாமல் நுனிக்காலில் பின்வாங்கி நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"என்னது!" என்று கத்தியபடி பீரங்கி பலகைச் சுவரைத் தட்டக் கையை ஓங்கினார்.

"சார், அதுக்குப் பின்னாடிதான் இருக்கு."

கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை இன்னொரு கையால் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மெல்ல மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

"தீயணைப்புக்குப் போன் பண்ணணும் சார். அவங்க வெடி நிபுணர்களக் கூட்டிட்டு வருவாங்க. நாம யாரும் அதத் தொடக்கூடாது."

"போன் பண்ணினா முதலாளி வருவார்ம்மா" என்றார். 'ம்மா' என்று அவர் வாயில் அன்றுதான் கேட்டேன். "இத்தன வருஷம் அலமாரியத் திறந்து பார்க்க உனக்கு நேரமில்லையான்னு என்னைக் கேட்பார். வாடிக்கையாளர் வந்துட்டுப் போகட்டும்."

"அப்போ லேபையாவது பூட்டிடலாம்."

"பூட்டினா ஏன்னு கேட்க மாட்டாங்களா? அதுவரைக்கும் எல்லாரும் மெதுவா இருப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் மெதுவாகச் சொன்னார்: "உன் தங்கச்சிய நிரந்தரமாக்குற பேப்பர் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோம்மா."

அவ்வளவு மெல்லிய குரலில் என்னை யாரும் அதுவரை மிரட்டியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அலமாரிக்கு எதிர் மூலையில், ஜன்னல் பக்கமாக, தங்கச்சியின் தராசை நகர்த்தி வைத்தேன். காய்ந்துபோன பாட்டில் இருக்கிறது, அலமாரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

சேஃப்டி ஆபீசர் வந்தார். எந்த ஆபத்து வந்தாலும் அதற்கு ஒரு போஸ்டர் அடித்து ஒட்டுவார், அதனால் அவர் பெயரே போஸ்டர். 'உயிர் உன் கையில்' என்று ஒரு பெரிய போஸ்டருடன், ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, அலமாரிக்கு மேலே சுவரில் அடிக்கப் போனார். பீரங்கி பூனை நடை நடந்து வந்து அவர் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். இருவரும் உதட்டசைவிலேயே சண்டை போட்டார்கள். கடைசியில் போஸ்டரைப் பசை தடவி ஒட்டினார்கள்.

அதன் பிறகு எங்கள் லேபில் வந்த அமைதியை எந்தத் தியான மண்டபத்திலும் பார்க்க முடியாது. தட்டாமல் கத்தத் தெரியாத மனிதர் என்பதால், தட்டு நின்றதும் கத்தலும் நின்றது. கதவை இரண்டு கையாலும் சாத்தினார். நாற்காலியை இழுக்காமல் மெல்லத் தூக்கி வைத்தார். "கொஞ்சம் வர்றீங்களாம்மா?" என்று கூப்பிட்டார். வாரா வாரம் தொண்டை கிழியச் சொல்லும் பாதுகாப்பு உறுதிமொழியை, சாவு வீட்டில் விலாசம் கேட்பது போல முணுமுணுத்து முடித்தோம். அட்டெண்டருக்குத் தும்மல் வந்தபோது அவர் தோளில் கைபோட்டு வாசல் வரை அழைத்துப்போனார் பீரங்கி.

தங்கச்சியின் தராசில் எண்கள் நிற்க ஆரம்பித்தன. ஒரு நாள் வேலையை அரை நாளில் முடித்தாள். லேபில் சிரித்தாள்.

"அக்கா, சாருக்குள்ள இப்படி ஒரு மனுஷன் இருந்திருக்கார் பாரேன்" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பாட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால்தான் என்ன என்று எனக்கே தோன்றியது. பக்கத்தில் வெடிமருந்து இருந்தால்தான் நாலு பேர் நிம்மதியாக வேலை பார்க்க முடிகிறது என்றால், அதை என்ன தொழிற்சாலை என்று சொல்வது?

வாடிக்கையாளர் வருவதற்கு முந்தின நாள், உலையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு நான் திரும்பி வந்தேன். லேபுக்கு வெளியே, தூரத்தில், மரத்தடியில் பீரங்கியும் போஸ்டரும் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் போஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு என்னவோ போல இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போனேன்.

அலமாரி முன்னால் தங்கச்சி குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் ரப்பர் உறை, கண்ணில் கண்ணாடி, பக்கத்தில் ஒரு டிரே. முன்னால் இருந்த பாட்டில்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பின்னால் இருந்ததை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கத்த வேண்டும். கத்தினால் திடுக்கிட்டுக் கையை இடித்துவிடுவாள். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதே இல்லை.

"பாப்பா, கைய அப்படியே பின்னால எடு. எதையும் தொடாம எழுந்திரு."

கையை எடுத்தாள். எழுந்தாள். "நீ ஏன்க்கா பயப்படறே? சார்தான் பின்னாடி குப்பை மேட்டுல கொண்டுபோய் வைக்கச் சொன்னார். தண்ணி ஊத்தியாச்சு, இப்போ ஒண்ணும் ஆகாதுன்னார். எவ்வளவு அழகா கேட்டார் தெரியுமா? உன் கை மென்மையான கை, உன்னாலதான் முடியும்னு. நாளைக்கே நிரந்தரம்னார்."

"யாரும் தண்ணி ஊத்தல. சார் இப்போ எங்க?"

"வெளியில."

"ஏன் வெளியில?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மரத்தடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை உறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. கத்துகிற மனிதரிடம் உஷாராக இருக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். அதே மனிதர் தேனாகப் பேசினால் என்ன செய்வது என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. தீயணைப்புக்குப் போன் செய்தேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிடங்களையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

தடித்த அங்கி போட்ட நிபுணர்கள் வந்தார்கள். பாட்டிலை ஒரு பெட்டியில் வைத்துத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளம் தோண்டி, அங்கேயே வெடிக்க வைத்தார்கள். அவ்வளவு தூரத்தில் நின்ற எங்கள் காலடியில் தரை அதிர்ந்தது. தங்கச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி பீரங்கியைத் தனியாக அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. வாடிக்கையாளர் வருகை மட்டும் தள்ளிப்போனது.

மறுநாள் காலை லேப் கதவு 'டமார்' என்று திறந்தது. பீரங்கி பழையபடி வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுப் போன் பண்ணினே? சொன்ன வேலைய ஒழுங்கா முடிச்சிருந்தா யாருக்கும் தெரியாமப் போயிருக்கும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தியபடி வந்து, தங்கச்சியின் தராசு மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

எண் துள்ளியது. தங்கச்சி நிமிர்ந்தாள்.

"சார், தட்டாதீங்க."

லேபில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். பீரங்கிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "என்ன சொன்னே? நான் கோபக்காரன்னு தெரியும்ல?"

"இல்ல சார். இத்தன நாளும் மெதுவாதானே பேசினீங்க? கதவக்கூட ரெண்டு கையால சாத்தினீங்க. உங்களுக்குக் கத்தாமப் பேச நல்லா வரும். பின்னாடி பாட்டில் இருந்தாத்தான் வரும்போல."

அட்டெண்டர் இருமினார். யாருக்கும் பயப்படாத, நல்ல வாய் நிறைந்த இருமல்.

"உன் பேப்பர் இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு!" பீரங்கியின் கை மறுபடி மேலே போனது.

"தெரியும் சார். அதுல என்ன வேணாலும் எழுதுங்க. ஆனா உங்க மேஜையில வச்சு எழுதுங்க. இங்க எடை நிக்கணும்."

கை அந்தரத்தில் நின்றது. இந்த முறை அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சுற்றி நாங்கள் மட்டும்தான் இருந்தோம், எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்கே இறங்குவதென்று தெரியாமல், கடைசியில் அவருடைய பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

தங்கச்சி தராசின் கண்ணாடிக் கதவை மூடினாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எண் ஆடி, ஆடி, நின்றது. அவள் கை நடுங்காமல் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.