விட்டுக் கொடுத்த ஆட்டம்

தோற்றுப் போகும்படி தம்பியிடம் கேட்கத்தான் பூவாத்தாள் மல்லசமுத்திரத்துக்கு நடந்து போனாள். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. மாசியில் வந்த கக்கல் கழிச்சல் செங்காட்டுப்புதூரில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து, அந்த ஊர்க்காரர்களைப் பாதையில் கண்டால் ஜனங்கள் வரப்பில் இறங்கி ஒதுங்கிக் கொண்டார்கள். வைகாசி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தம்பி அருணகிரி கிணற்றடியில் மாட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தோக்கறதா? என்னக்கா பேசற நீ? உங்க ஊரு மாரியம்மன் நோம்பிக்கு வந்து சடுகுடுல தோத்துட்டுப் போறதுக்கு நாங்க எதுக்கு வாரோம்?"

"என்ற கொழுந்தனாரு மேட்டூருக்குப் போறேங்கறாரு."

அவன் தேய்ப்பதை நிறுத்தினான்.

மேட்டூரில் அணை கட்டுகிறார்கள், ஆள் எவ்வளவு வந்தாலும் வேலை இருக்கிறது என்று பேச்சு வந்த நாளிலிருந்து வேலுமணிக்கு அதே நினைப்பாக இருந்தது. அவனுடைய அண்ணன்தான் பூவாத்தாளின் புருஷன். மாசியில் அண்ணனும் அம்மாவும் ஒரே ராத்திரியில் செத்துப்போனார்கள். வீட்டில் மிச்சம் இவனும் அவளும்தான். வேலுமணி போய்விட்டால் காட்டை உழ ஆளில்லை. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் தம்பி வீட்டுக்கு வரவேண்டும். தம்பி பெண்டாட்டி போடுகிற சோற்றைத் தலையைக் குனிந்து தின்னவேண்டும்.

"ஏழு பேரு தேறாத ஊரெல்லாம் ஒரு ஊராங்கறாரு. இந்த நோம்பிக்கு ஆடிப் பாப்பாராம். நின்னு ஆட முடிஞ்சா இருப்பாராம், இல்லீனா மூட்டையக் கட்டிருவாராம். ஒரே ஒரு ஆட்டம் சாமி. உட்டுக் குடுத்துரு."

அருணகிரி மாட்டின் முதுகில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். "மச்சான் உசுரோட இருந்திருந்தா இதுக்கு என்னத் தூக்கிப் போட்டு மிதிச்சிருப்பாரு" என்றான். முடியாது என்று சொல்லவில்லை.

நோம்பியன்று மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், நீர் வற்றிய ஏரிக்குள் கோடு கிழித்தார்கள். மேளத்துக்குச் சொல்லவில்லை, மேளக்காரர் வீட்டிலும் சாவு. எப்படியோ ஏழு பேர் தேறிவிட்டார்கள். ஏழாவது ஆள் காளியப்பன். பேரன் எடுத்தவர், தொப்பைக்கு மேல் வேட்டி நிற்காது.

"ஏனுங்க காளியப்பண்ணா, நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னாலும் உங்க வயிறு அந்தப் பக்கம் போயிருமே!" என்றாள் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள். யாரோ சிரித்தார்கள். சிரித்த சத்தம் அவர்களுக்கே விநோதமாகக் கேட்டிருக்க வேண்டும், உடனே அடங்கிவிட்டது.

பெண்கள் கரையோரம் ஒண்டி நின்றார்கள். மற்ற வருஷமாக இருந்தால் வெள்ளைச் சீலைக்காரியை நோம்பி நடக்கிற இடத்தில் நிற்க விடமாட்டார்கள். இந்த வருஷம் வெள்ளைச் சீலைகளே அதிகமாக இருந்தன. யார் யாரைப் போகச் சொல்வது?

வேலுமணி முதலில் பாடிக்கொண்டு போனான். "சடுகுடு சடுகுடு" என்று அவன் குரல் எதிர்ப்பக்கம் நுழைந்ததும் மல்லசமுத்திரத்து ஆட்கள் விலகி வழி விட்டார்கள். ஒருவனைத் தொட்டான். அடுத்தவனும் தானாகவே கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றான். இரண்டு பேர் வெளியே. மறுபடி போனான், மறுபடி இரண்டு பேர். அவனைப் பிடிக்கப் பாய்ந்தவன் அவன்மேல் கை படுவதற்கு முன்பே மண்ணில் விழுந்து புரண்டான்.

"மல்லசமுத்திரத்துல பசங்களுக்குச் சோறு போடறதில்லையாட்ட இருக்குது" என்றாள் கந்தம்மாள்.

பூவாத்தாள் வேண்டியதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவளுடைய ஊர் சந்தோஷப்படவில்லை. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, சாவு வீட்டு வாசலில் நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். ஜெயிப்பது இத்தனை அலுப்பாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மூன்றாவது தடவை போன வேலுமணி, எதிர்ப்பக்கத்தின் நட்டநடுவில் நின்றான். பாட்டை நிறுத்தினான். எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை இழுத்து விட்டான்.

"பாட்டு நின்னு போச்சு. தொட்டு வெளிய அனுப்புங்கடா" என்றான்.

ஒருவரும் அசையவில்லை.

"அருணகிரி, உனக்குக் காது கேக்கலியா?"

அருணகிரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவன் கண் ஓடிப்போய் கரைமேல் நின்ற அக்காள்மீது விழுந்தது. வேலுமணியும் திரும்பிப் பார்த்தான். பூவாத்தாள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அதற்குமேல் அவனுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆட வந்தியா, எழவு கேக்க வந்தியா மாப்ள?" என்றான். கத்தவில்லை, களைத்துப்போன குரலில்தான் கேட்டான். "எழவுதான் அப்பவே வந்து கேட்டுட்டுப் போயிட்டியல்ல. எத்தன தடவ கேப்ப?"

அருணகிரியின் முகம் கறுத்தது. வெளியே போன தன் ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டான். "எல்லாரும் வாங்கடா. மொதல்ல இருந்து."

பிறகு நடந்ததுதான் ஆட்டம். மல்லசமுத்திரம் அவர்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. மாசியிலிருந்து வயிறாரத் தின்னாத உடம்புகள். பாடிப் போகிறவனுக்குக் கோட்டைத் தாண்டியதுமே மூச்சு முட்டியது. காளியப்பன் மட்டும் ஒருவனுடைய காலைக் கட்டிக்கொண்டு அப்படியே அவன்மேல் படுத்துவிட்டார். அவன் பாட்டு அடியிலேயே செத்துப் போனது. ஊரே கூவியது.

அதற்குப்பின் கரை சும்மா இருக்கவில்லை. "முழங்கைல இடிக்கறான் பாரு, அந்தச் செவத்த பையன்! அவன் வெளங்குவானா!" என்று கந்தம்மாள் ஆரம்பித்தாள். இத்தனை நாள் வாசலைத் தாண்டாமல் கிடந்த பெண்களெல்லாம் மல்லசமுத்திரத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார்கள். கடைசியில் வேலுமணியை அருணகிரி கணுக்காலோடு பிடித்து மடக்கியபோது, "அடேய், காலு, காலு! உட்றா நாயே!" என்று ஒரு குரல் கிழிந்து வந்தது. அது தன் குரல்தான் என்பது பூவாத்தாளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

தோற்றார்கள். நன்றாகவே தோற்றார்கள். வேலுமணியால் காலை ஊன்ற முடியவில்லை. அருணகிரியும் காளியப்பனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். பூவாத்தாள் புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்க வைத்து எடுத்து வந்தாள். கணுக்கால் சுரைக்காய் போல வீங்கியிருந்தது.

"உங்களுக்கு எதுக்குங்க நங்கையா இந்த வேல?" என்றான் வேலுமணி, அண்ணன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க போயிருவீங்கன்னுதானுங்க."

சூடான பற்றை அவள் அப்பியபோது அவன் பல்லைக் கடித்தான். வாசலில் கந்தம்மாள் மல்லசமுத்திரத்துக்காரர்களோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். காளியப்பன் தான் எதிராளிமேல் விழுந்து படுத்த கதையை நான்காவது தடவையாக விவரித்துக்கொண்டிருந்தார்.

"நீ கடைசியாப் புடிச்ச புடி செல்லாது மாப்ள" என்றான் வேலுமணி. "என்ற கை கோட்டுல இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு? ஒரு சாண் தள்ளி இருந்துச்சு."

"இருந்துச்சுடா. ஆடிப் பதினெட்டுக்கு உங்க ஊருக்கு வாரோம், அப்பத் தெரியும். காளியப்பண்ணன நம்பிப் பிரயோசனமில்ல, வேற ஆள் பாக்கோணும். தெக்காலத் தெருவுல அந்த நெட்டையன் இருக்கறானே, அவனுக்கு மூச்சுப் பழக்கினா நிப்பான்..."

அருணகிரி நிமிர்ந்தான். "ஆடிக்கா? நீ அப்ப மேட்..."

பூவாத்தாள் தலையைத் தூக்கித் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வேலுமணி எதையும் கவனிக்கவில்லை. நெட்டையனை எங்கே நிறுத்துவது, யாரை முதலில் பாட அனுப்புவது என்று கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனான். அவளுக்கு இடுப்பு வலித்தது. இத்தனை பேருக்கும் இனிமேல்தான் உலை வைக்கவேண்டும்.

"காலக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். "அடிப்பக்கம் இன்னும் பத்துப் போடல."