விசுவாசப் பிரமாணம்: குறிப்பு வரைக

காலை எட்டு மணிக்கு வந்த அந்தப் போனிலிருந்து சாந்தாமேரி டீச்சருக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. தலைமையாசிரியர் சிங்கராயர் சுருக்கமாகத்தான் பேசினார்.

"ஒன்பதாம் வகுப்பு புவனாவோட அப்பா பத்து மணிக்கு வர்றாருங்க. சரித்திரத் தேர்வுல நீங்க மதம் மாத்துறீங்கன்னு சொல்றாரு."

சரித்திரத் தேர்வில் எப்படி மதம் மாற்றுவது என்று கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். சிங்கராயர் அப்படித்தான். வெடியைப் பற்றவைத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார்.

வாழவந்தியிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. பையிலிருந்த வினாத்தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளே தயாரித்த மாதத் தேர்வு. பழைய ஐரோப்பாவும் இடைக்கால ஐரோப்பாவும் சேர்த்து ஐந்து கேள்வி, கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பு, சார்லமேன், பண்ணையடிமை என்று போகிற போக்கில் நாலாவதாகச் சிலுவைப் போரும் ஐந்தாவதாக ஒரு 'குறிப்பு வரைக'வும் இருந்தன. சிலுவைப் போர்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த நிறுத்தத்தில் சார்லமேன் மேலும் சந்தேகம் வந்தது. அவனுக்கு முடிசூட்டியது போப்பாண்டவர் ஆயிற்றே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். டவுன் வருவதற்குள் வினாத்தாள் முழுக்கப் பேயாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடமாகத் தற்காலிக ஆசிரியை அவள். இந்த மாதம்தான் நிரந்தரப் பணிக்கு அவள் பெயர் எழுதிய கோப்பு சிங்கராயர் மேஜைக்கு வந்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த நேரத்தில் மதப் பிரச்சினை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும்.

வகுப்புக்குப் போனதும் புவனாவைத் தேடினாள். வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் ஆஷ்லின் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு ஆச்சு?"

"டீச்சர், பரீட்சைக்கு முன்னாடி முக்கியமான கேள்வின்னு நீங்க போர்டுல எழுதினீங்கல்ல? அதுல விசுவாசப் பிரமாணம்னா என்னன்னு புவனா எங்கிட்டக் கேட்டா. எனக்குத்தான் தெரியுமேன்னு முழுசா எழுதிக் குடுத்தேன். அவ மனப்பாடம் பண்ணிட்டா."

சாந்தாமேரிக்கு அப்போதுதான் விளங்கியது. நிலப்பிரபுவின் முன்னால் சிற்றரசன் மண்டியிட்டு, தன் கூப்பிய கைகளை அவன் கைகளுக்குள் வைத்து, இனி உமக்கே உண்மையாக இருப்பேன் என்று செய்யும் சத்தியம்தான் அவள் கேட்டது. புத்தகத்தில் 'உறுதிமொழி' என்றுதான் இருந்தது. ஞாயிறுதோறும் கோயிலில் சொல்லிப் பழகிய நாக்குக்கு 'விசுவாசப் பிரமாணம்' என்ற சொல் தானாக வந்துவிட்டது; வினாத்தாளிலும் அதையே 'குறிப்பு வரைக' என்று கேட்டிருந்தாள். கேட்டது பிரபுவுக்குச் செய்யும் சத்தியத்தை. பிள்ளைகள் எழுதியதோ பூசையில் சொல்லும் ஜெபத்தை.

"நீயும் அதையே எழுதினியா?"

ஆஷ்லின் தன் விடைத்தாளை நீட்டினாள். பிதா, சுதன் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் ஐந்துக்கு ஐந்து. அவள் போட்டதுதான்.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. கேள்வியில் ஒரு சொல் தவறிவிட்டது என்றால் யாரும் நம்புவார்கள். இந்த ஐந்துக்கு ஐந்தை என்ன சொல்லி விளக்குவது?

தலைமையாசிரியர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சிங்கராயர் ஒரு வழி வைத்திருந்தார். "கேள்வி சரித்திரக் கேள்விதான், அந்தப் புள்ளையா எங்கயோ படிச்சு எழுதியிருக்கான்னு சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த கோப்பை விரலால் ஒருமுறை தட்டினார். அது அவள் கோப்பு.

பத்து அடிக்கும் முன்பே ஐயாக்கண்ணு வந்துவிட்டார். தலைச்சோலைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் வேலை, குடியிருப்பதும் அங்கேயே லைன் வீட்டில். சலவைச் சட்டை போட்டிருந்தார். கூடவே அவருடைய மச்சான் ரஞ்சித், டாக்ஸி ஓட்டுகிறவன், செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க டீச்சர்," என்றார் ஐயாக்கண்ணு. குரல் சத்தமாக இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "நாங்க வருசா வருசம் சேர்வராயன் கோயிலுக்குப் போறவங்க. எம்புள்ள ஊட்டுக்குள்ள நடந்துக்கிட்டே உங்க ஜெபத்தச் சொல்லுது. என்ன கண்ணு இதுன்னு கேட்டா, பரீட்சைக்குங்குது. இது நாயமுங்களா?"

"அது ஜெபத்தப் பத்துன கேள்வி இல்லீங்க," என்று சாந்தாமேரி பிரபுவையும் சிற்றரசனையும் விளக்கினாள். ஐயாக்கண்ணு முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. ராசாகிட்டச் சத்தியம் பண்றது. அப்ப எம்புள்ள எழுதுனது தப்புத்தானுங்களே?"

"தப்புத்தாங்க."

"தப்புன்னா சுழி போட்டிருக்கணும். அஞ்சுக்கு அஞ்சு போட்டு வெச்சிருக்கீங்க?" ரஞ்சித் அவருக்குப் படித்துக் காட்டியிருந்த அந்த ஒரு பக்கத்தைத் திருப்பி விடைத்தாளை மேஜைமேல் வைத்தார். "உங்க சாமி பேர எழுதுனா மார்க்கு, அப்படித்தானுங்க?"

ரஞ்சித் செல்போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தான். சிங்கராயர் அவளைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார். பிள்ளையாக எழுதியது என்று சொல்லிவிட்டால் போதும். பதினான்கு வயதுப் பெண் தலையில் பழி விழும், பள்ளிக்கூடம் பிழைக்கும், கோப்பும் பிழைக்கும். சாந்தாமேரி வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பொய் வரவில்லை. அது அவளுடைய பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். எதிரே இருந்த சிவப்பு மை அவளைப் பொய் சொல்லவிடவில்லை, அவ்வளவுதான்.

"நான் படிக்கலீங்க," என்றாள்.

"என்னங்க?"

"படிக்காமயே திருத்துனேன். அறுபத்தெட்டு பேப்பர். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து உக்காந்தேன். பழகுன வரியா இருந்துச்சு, கண்ணு ஓடிருச்சு. பக்கம் நெறஞ்சிருக்கான்னு பாத்து மார்க் போட்டுட்டேன். புவனா மேல தப்பில்லீங்க. யாரும் அவள மதம் மாத்தல."

சிங்கராயர் மேஜை டிராயரைத் திறந்து கோப்பை உள்ளே வைத்து மூடினார். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. ஐந்து வருடம் போனது என்று தெரிந்துவிட்டது.

இனியாவது கோபம் தணியும் என்று அவள் எதிர்பார்த்தாள். நடந்தது வேறு. ஐயாக்கண்ணு முகம் விழுந்துபோனது. கையை நீட்டி ரஞ்சித்தின் செல்போனைக் கீழே இறக்கினார். பிறகு கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மதம் மாத்துறாங்கன்னு நெனச்சு வந்தனுங்க. அப்பக்கூட, எம்புள்ளயும் ஒரு ஆளுன்னு யாரோ கண்ணு வெச்சிருக்காங்கன்னு ஒரு இது இருந்துச்சு. படிக்கவே இல்லீங்களா? அது நாலு நாளு உக்காந்து படிச்சுதுங்க. எங்க லைன்ல இம்புட்டுத் தூரம் படிச்ச பொட்டப்புள்ள அது ஒண்ணுதான்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"இப்பப் படிங்க," என்றார். "மொதக் கேள்வியில இருந்து. சத்தமாப் படிங்க. நான் கேக்கோணும்."

சிங்கராயர் ஏதோ சொல்ல வந்தார். ஐயாக்கண்ணு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சாந்தாமேரி விடைத்தாளை எடுத்தாள். ஜஸ்டினியன் சரியாகத்தான் இருந்தான். சார்லமேனுக்கு ஆண்டுகூட எழுதியிருந்தாள் புவனா. மூன்றாவது, அடிமைக்கும் பண்ணையடிமைக்கும் உள்ள வேறுபாடு. அவள் படித்தாள்.

"அடிமையைத் தனியாக விற்கலாம். பண்ணையடிமையைத் தனியாக விற்க முடியாது. அவர் நிலத்தோடு கட்டப்பட்டவர். நிலத்தை விற்றால் அவரும் புதிய பிரபுவுக்குச் சேர்ந்துவிடுவார். போன வருடம் எங்கள் எஸ்டேட் கைமாறியபோது எங்கள் லைனில் இருந்த எல்லாரும் புது முதலாளிக்கு வந்ததுபோல. எங்களைக் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் பண்ணையடிமைகள் அல்ல. நாங்கள் வேண்டாம் என்று போகலாம். போக இடம்தான் இல்லை."

அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை. 'எஸ்டேட்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு இருந்தது. பக்கத்தில் 'பாடத்தில் இல்லாதது' என்று அவள் கையெழுத்து. அந்த ஒரு சொல்லில் மட்டும் கண் நின்றிருக்கிறது.

ஐயாக்கண்ணு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். மகள் எழுதியதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்குதுங்களா டீச்சர்?"

"நொம்ப நல்லா எழுதியிருக்குதுங்க."

"இதுக்கு எத்தன மார்க்குங்க போட்டீங்க?"

அவள் தாளைப் பார்த்தாள்.

"சுழிங்க," என்றாள்.