முறிகண்டியில் நிற்காத கார்

என்னைக் கட்டிக்கொள்ளக் கனடாவிலிருந்து வந்தவர் வாகன ரயர்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்தவர். நிச்சயம் செய்த பிறகு சுகிர்தனும் நானும் வட்ஸ்அப்பில் கதைத்ததில் பாதி காதல் என்றால் மீதி ரயர். பனிக்காலத்துக்கு நாலு, வெயில் காலத்துக்கு வேறு நாலு என்று வைத்திருக்கிறாராம். மாற்றாமல் வீதியில் இறங்கவே மாட்டாராம்.

நான் பரந்தனிலிருந்து தருமபுரத்துக்கு ஸ்கூட்டியில் போய்ப் படிப்பிக்கிறவள். ஒருநாள் மழையில் நனைந்து வந்ததாகச் சொன்னேன். வேறு ஒருவர் என்றால் காய்ச்சல் வருமே என்று கேட்டிருப்பார். இவர் ஸ்கூட்டியின் ரயரைக் கேட்டார். ரயரில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் ஒரு சில்லறைக் காசைக் குத்தி, படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். காசு அரைவாசிகூட உள்ளே போகவில்லை.

“அந்த வெட்டு வடிவுக்குப் போட்டதில்லை, மேனுகா. தண்ணி ஓட வழி வேணும். வழி இல்லாட்டி ரயர் றோட்டில ஓடாது, தண்ணிக்கு மேல மிதக்கும். நாளைக்கே மாத்தும்” என்றார்.

மறுநாளே இரண்டு ரயரையும் மாற்றினேன். என் உயிரில் இவ்வளவு அக்கறையுள்ள மனிதர் எனக்குக் கிடைத்தாரே என்று உருகியும் போனேன். அந்த உருக்கத்தை இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கலியாணம் கார்த்திகையில். வன்னியில் கார்த்திகை என்றால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதம். ஆனால் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது அப்போதுதான், மார்கழி பிறந்துவிட்டால் தாலி கட்ட முடியாது. ஆகவே எங்கள் ஊர்களில் வெளிநாட்டுக் கலியாணங்கள் எல்லாம் வெள்ளத்துக்குள்தான் நடக்கும். மாப்பிள்ளையின் ஊர் மல்லாவி. அங்கே இன்னொரு சட்டமும் உண்டு. போன வருசம் வந்த வெளிநாட்டு மாப்பிள்ளை எதில் ஊர்வலம் போனாரோ, அதைவிட ஒருபடி மேலாக இந்த வருசத்து மாப்பிள்ளை போகவேண்டும். போன வருசம் சுவிஸ்காரர் ஒருவர் பஸ் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் காரில் போனார். அதற்கு முதல் வருசம் லண்டன்காரர் குதிரை வண்டியில் போய், வெடிச் சத்தத்துக்கு மிரண்ட குதிரையோடு நேரே வயலுக்குள் இறங்கினார். இதற்கெல்லாம் மேலாக இனி என்ன செய்வது? என் மாமியார் சிவலட்சுமி யோசித்து யோசித்து, கடைசியில் கொழும்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்குப் பிடித்தார்.

சிவப்பு நிறம். வீதிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் படுத்துக் கிடந்தது. இருக்கைகள் இரண்டே இரண்டு. எங்கள் முறைப்படி மாப்பிள்ளையை அழைத்து வருவது பெண்ணின் தம்பி. தோழன் என்று சொல்லுவோம். தோழன் ஒரு இருக்கையில் இருந்தால் மாப்பிள்ளை மற்றதில் இருக்கவேண்டும், அப்படியென்றால் கார் ஓட்டுவது மாப்பிள்ளைதான். தலைப்பாகையோடு ஏறினால் கூரை முட்டும். கூறைச் சேலைத் தட்டோடு வரும் மாப்பிள்ளையின் தங்கைக்கு இடமே இல்லை. இவ்வளவு பெரிய காசு கொடுத்து, தாங்கள் செய்யவேண்டிய முறை ஒன்றுக்கும் உதவாத ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதுதானே வேண்டும்.

கலியாணத்துக்கு முதல் நாள் காரைப் பரந்தனில் எங்கள் வீட்டுக்குக் காட்டக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் காரோடு நின்று படம் எடுத்தார்கள். நான் குனிந்து ரயரைப் பார்த்தேன். கறுப்பு எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள், புதுச் சப்பாத்து மாதிரி. கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பள்ளம் தேடினேன். குத்துவதற்குப் பள்ளம் என்று ஒன்று இருந்தால்தானே. விரலால் தடவினால் என் கன்னத்தைவிட வழுவழுப்பாக இருந்தது.

சுகிர்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு உடனே விளங்கியது, முகத்தில் கண்டேன். ஆனால் நிமிர்ந்தபோது சிரித்தார்.

“இது ரேஸ் ஓடுற கார். காய்ஞ்ச றோட்டில ஒட்டிப் பிடிக்கிற ரயர்” என்றார்.

வானத்தைக் காட்டினேன். அது இருண்டு கிடந்தது.

“நீர் பயப்பிடாதையும். அது கனடாவில. அங்க பொலிஸ் பிடிப்பான், இன்சூரன்ஸ் கூடும். இஞ்ச ஆர் பாக்கப் போகினம்?”

அப்போதுதான் நான் அவரிடம் முதல் தடவையாக ஒன்று கேட்டேன். கலியாணம் முடிந்து மல்லாவிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, கால் மாறிப் போகும்போது இந்தக் காரில் வேண்டாம், சாதாரண வான் ஒன்றைப் பிடித்துப் போவோம் என்றேன். நகை கேட்கவில்லை, கனடாவில் வீடு கேட்கவில்லை. நனைந்த வீதியில் உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்று கேட்டேன். என் சொல்லில் இந்த ஒன்றையும் கேட்காவிட்டால் இனி எதைக் கேட்பார் என்ற யோசனையும் எனக்கு வந்தது. அவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

மாமியாருக்கு இது ஒரு விசயமாகவே படவில்லை. கொழும்பிலிருந்து வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று, நாளைக்குப் போகும்போதும் நிறுத்தி இன்னொன்று உடைப்போம், பிறகென்ன என்று கேட்டார். ஏ ஒன்பது வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்காமல் போகாது. பஸ்காரன் நிற்பான், லொறிக்காரன் நிற்பான், ஆமிக்காரனும் நிற்பான். எனக்கும் பிள்ளையாரில் நம்பிக்கை உண்டு. ஆனால் ரயருக்கு வெட்டு வைப்பது அவருடைய வேலை என்று நான் நினைக்கவில்லை. என் அப்பா தவராசாவிடம் போனேன். கலியாண வீட்டில் சும்மா கதை வளர்க்காதே, அவர்களுடைய கார், அவர்களுடைய பாடு என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார்.

கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் தாலி ஏறியது. மத்தியானம் சாப்பாடு முடிகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, முன்னால் நிற்கிற ஆளைத் தெரியாத மழை. நான் ஒருதரம் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவார் என்று. அவர் கார்த் திறப்பைச் சுண்டிச் சுண்டிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். சுகிர்தனின் தாய்மாமன் தயாபரன் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். கார் அவற்றை நசித்துக்கொண்டு புறப்பட்டது. அன்றைக்கு அந்த ரயர்கள் எதையாவது இறுக்கிப் பிடித்தது என்றால் அந்தத் தேசிக்காய்களை மட்டும்தான்.

ஏறாமல் நின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். மண்டபம் நிறையச் சனம், கழுத்தில் கட்டின தாலியில் மஞ்சள் இன்னும் காயவில்லை, பின்னால் நின்று ஏறு ஏறு என்று தள்ள இருபது பேர். நீங்கள் நின்று பாருங்கள்.

வீடியோக்காரரின் வான் எங்களுக்கு முன்னால் போனது. சொந்தக்காரரின் பஸ் பின்னால் வந்தது. இரணைமடுச் சந்தி தாண்டியதும் வீடியோக்காரர் போன் எடுத்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகு மாதிரி எழும்பினால் படம் பிரமாதமாக இருக்கும், கொஞ்சம் வேகமாக வாருங்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். சுகிர்தன் அழுத்தினார். தண்ணீர் எழும்பியது. அவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். கால் இரண்டையும் முன்னால் ஊன்றிக்கொண்டு, இல்லாத பிறேக்கை நான் மிதித்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் போகச் சொல்லி மறுபடியும் கேட்டேன். “கனடாவில பனிக்குள்ள ஓடுறன், இது என்ன மழை” என்றார்.

முறிகண்டி வந்தது. வீடியோ வான் கோயிலடியில் நின்று, கமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தது. புது மாப்பிள்ளை, புதுப் பெண், பிள்ளையார், தேங்காய் என்று எல்லாம் ஒரே படத்துக்குள் வரவேண்டும். சுகிர்தன் பிறேக்கை மிதித்தார். கார் வேகம் குறையவே இல்லை. ஸ்ரேறிங்கைத் திருப்பினார், கார் திரும்பவில்லை. அவர் வட்ஸ்அப்பில் எனக்குப் படிப்பித்த பாடம் அப்படியே கண்முன்னால் நடந்தது. தண்ணீருக்கு மேலே மிதந்தோம். பிள்ளையாரைத் தாண்டி, வீடியோ வானைத் தாண்டி, குறுக்கே சுழன்று, வீதியோரத்துக் கச்சான் கடலைக் கடைகளுக்குள் பின்பக்கமாகப் போய் இடித்தோம்.

எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் ஒன்றும் இல்லை. கச்சான் வறுத்துக்கொண்டிருந்த மீனம்மா என்ற பெண்ணின் காலில் அடுப்புச் சட்டி கவிழ்ந்திருந்தது. கச்சானை மணலில்தான் வறுப்பார்கள். கொதிக்கிற மணல் முழுவதும் அவருடைய முழங்காலுக்குக் கீழே கொட்டிக் கிடந்தது. நான் இறங்கி ஓடிப்போய், கூறைச் சேலையோடு சேற்றுக்குள் குந்தியிருந்து, குடத்துத் தண்ணீரை எடுத்து எடுத்து ஊற்றினேன். தோல் தண்ணீரோடு வந்தது. “மண்ணு கொட்டிருச்சும்மா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தான்தான் ஏதோ பிழை விட்டவர் மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பஸ் வந்தது. சொந்தக்காரர் எல்லாரும் இறங்கினார்கள். தயாபரன் மாமா ஒருதரம் சுற்றிப் பார்த்தார், நிலைமை விளங்கியது. பொலிஸ் வழக்குப் போட்டால் மாப்பிள்ளையின் கனடாப் பயணம் நின்றுபோகும். அவர்தான் முதலில் கதைக்குள் ஒரு மாட்டைக் கொண்டுவந்தார். மாடு ஒன்று குறுக்கே பாய்ந்ததாம். வெள்ளை மாடு என்றார் மாமியார். பஸ்ஸில் இருந்தபடியே கண்டதாக ஒரு பெரியம்மா சொன்னார். நாங்கள் இடித்த நேரம் பஸ் முறிகண்டிக்கே வந்து சேரவில்லை. பொலிஸ் வருவதற்குள் அந்த மாட்டுக்கு ஒரு கன்றும் கிடைத்திருந்தது. வாயில்லாச் சீவனைக் காப்பாற்றப் போய்த்தான் பிள்ளைக்கு இந்தக் கதி என்று நாலு பேர் கண்ணையும் துடைத்தார்கள். மாட்டில் பிழை என்றால் மீனம்மாவின் காலுக்கு ஆரும் பொறுப்பில்லை. மாடு வந்து பதில் சொல்லாது.

சுகிர்தன் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “நீரும் மாடு எண்டு சொல்லும்.”

பொலிஸ்காரர் எல்லாருடைய மாட்டையும் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நீங்கள்தானே தங்கச்சி பக்கத்தில இருந்தது? மாட்டைக் கண்டனீங்களோ?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

“மாடு ஒண்டும் வரேல்லை, ஐயா” என்றேன். “ரயரைத் தடவிப் பாருங்கோ. மெல்லப் போகச் சொன்னனான், இவர் கேக்கேல்லை.”

அவர் குனிந்து நாலு ரயரையும் தடவிப் பார்த்தார். பிறகு சுகிர்தனின் லைசன்ஸை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பின்னேரத்துக்குள் ஸ்ரேசனுக்கு வரச் சொன்னார்.

சுகிர்தன் என்னைக் கோயில் பக்கமாக ஒதுக்குப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். “நீ எனக்கு மனிசியா வந்தனியோ, சாட்சியா வந்தனியோ?” என்று கேட்டார். தாலி கட்டி அரை நாளுக்குள் ‘நீர்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அவருக்கும் என்னவோ செய்திருக்கவேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார்.

“அங்க எண்டால் நான் இப்பிடி ஓடியிருக்க மாட்டன், மேனுகா. சத்தியமா.”

மன்னிப்புக் கேட்பதாகத்தான் அதைச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அங்க இருக்கிற ஆக்களுக்குத்தான் உயிர் இருக்கோ?” என்று கேட்டேன்.

அவர் திரும்பித் தன் அம்மாவைத் தேடினார்.

வீடியோக்காரரின் வானில் மீனம்மாவை ஏற்றினார்கள். ஆசுப்பத்திரிக்குக் கூடப் போக அவருக்கு அங்கே ஒருவரும் இல்லை. நான் ஏறி அவருடைய காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல நேரம் தப்பப்போகுது, மல்லாவியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இறங்கு பிள்ளை என்று மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சுகிர்தன் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றார். வருகிறீர்களா என்று கேட்டேன். அவர் நேரத்தைப் பார்த்தார். நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

பிறகு நடந்ததை, பஸ்ஸில் கூடப் போன என் தம்பி வந்து சொன்னான். மல்லாவியில் ஆலத்தித் தட்டோடு வாசலில் நின்றவர்கள், நல்ல நேரம் முடிய முன்னம் என்று, மாப்பிள்ளையைத் தனியாக நிறுத்தி ஆலத்தி எடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்களாம்.