தேக்குத் தரையின் புடைப்பு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் கோமுகி அணை என் தலைமேல் உடையட்டும். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

வெள்ளிமலைக்கு மேலே, சென்னை முதலாளி ஒருவர் புதிதாகக் கட்டிய பங்களாவின் கூடத்தில், வியாழக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பத்தொன்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் வேலை. கால் கழுவி, ஈரம் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். சொல்லாமல் எழக் கூடாது.

தரை தேக்குப் பலகை. போன வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் அதைக் கழுவிவிட்டாள். இதே பங்களாவுக்கு இரண்டு வருடம் சித்தாளாக மண் சுமந்தவள். அவள் புருஷன் பூமாலை இங்கேதான் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான். வேலை முடிந்ததும் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்துக்கொண்டார்கள். பின்பக்கத்துத் தகரக் கொட்டகை அறையில் இருவரும் இருக்கலாம் என்றார்கள். பலகை பதித்தபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை அது. எட்டுக் குடம் தண்ணீர், ஒரு பிடி மஞ்சள் தூள், தென்னந்துடைப்பம். திங்கட்கிழமை பார்த்தால், கூடத்தின் நடுவே எருமை படுத்திருப்பதுபோல் பலகை புடைத்து நின்றது.

"மரத்துல போயி தண்ணி ஊத்துவாங்களாம்மா?" என்றார் சூப்பர்வைசர் சிவசங்கர்.

"வெள்ளிக்கெழம வூடு கழுவ வேணாமா சார்? தரை இன்னாவா இருந்தா இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை முதலாளி விருந்தாளிகளோடு வருகிறார். மூன்று மின்விசிறிகளை இரண்டு நாள் ஓட்டியும் புடைப்பு இறங்கவில்லை.

"அதுக்குள்ள தரை சமமாச்சுன்னா நீ இரு. இல்லன்னா உன் ஆள தூக்கிக்கினு கெளம்பு" என்றார் சிவசங்கர்.

புடைப்பை அமுக்க மணல் மூட்டை வைத்தால் பலகையில் கீறல் விழும் என்று, உட்கார ஆட்களை வரவழைத்தார். மரவள்ளிக் கிழங்கு எடை போடும் தராசில் ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்து, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பச்சையம்மாள் முப்பத்தெட்டு. அறைக்குப் போய் அம்மிக் குழவியை மடியில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, கல்லக் கட்டிக்கினு ஏன் கஷ்டப்படுற? எங்கிட்ட பாதி வாங்கிக்க" என்றாள் கரும்பு வெட்டும் ஜெயசுதா. அவள் எழுபத்தெட்டு கிலோ. "தின்னே அழிக்கிறன்னு எம் புருசன் திட்டிக்கினே இருப்பான். இப்ப வந்து பாக்கட்டும், திங்கறதுக்கும் வேல இருக்குன்னு."

மதியத்துக்குள் நடுக்கூடம் சமமானது. ஆனால் புடைப்பு படுக்கையறையில் எழுந்தது. பாய்க்கு அடியில் புகுந்த தவளை மாதிரி, இங்கே உட்கார்ந்தால் அங்கே போனது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பத்தொன்பது பேரும் அதன் பின்னால் ஓடி ஓடி உட்கார்ந்தார்கள். சமையலறையில் பிரிட்ஜை ஒரு முழம் தூக்கிக் காட்டியது. ஜெயசுதா அதன்மேல் ஏறி உட்கார்ந்தபிறகுதான் இறங்கியது.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்கு அதைப் பின்வாசலில் மடக்கிவிட்டார்கள்.

"வுடாதீங்க, அப்படியே வெளிய தள்ளுங்க!" என்றார் சிவசங்கர்.

உட்கார்ந்தபடியே நெருக்கினார்கள். புடைப்பு நிலைப்படிக்கு அடியில் நழுவி, மண்ணுக்குள் இறங்கி, முற்றத்தைக் கடந்து நகர்ந்தது. கோழி ஒன்று கொஞ்ச தூரம் அதன்மேல் நின்றபடியே போனது. அது எங்கே போகிறது என்று முதலில் பார்த்தவள் பச்சையம்மாள்தான். மடியில் குழவியோடு ஓடி, அறை வாசலில் அதன்மேல் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு கிலோ, கல்லோடு சேர்த்தும் நாற்பத்தைந்து வரவில்லை. அது நிற்கவில்லை.

"பச்ச, கட்டிலு ஏன் ஆடுது?" என்று உள்ளேயிருந்து பூமாலை கேட்டான்.

கட்டிலோடு அவனை நான்கு பேர் வெளியே தூக்கி வந்ததும் சுவர் பிளந்து தகரம் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரை கண்ணாடியாக இருந்தது. விருந்தாளிகள் வெறுங்காலில் நடந்து பார்த்து மெச்சினார்கள். கடுக்காய் மரத்தடியில் பூமாலையின் கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த குழவியை இன்னும் அவிழ்க்கவில்லை. சிவசங்கர் இலையில் கொஞ்சம் கேசரி கொண்டுவந்து கொடுத்தார்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன். தரை சமமாயிடுச்சு, நீ இருக்கலாம்மா. ரூமுதான் இல்ல."

அறை இருந்த இடத்தில் விருந்தாளிகளின் நான்கு கார்கள் நின்றிருந்தன.

கார் நிறுத்த அந்த இடத்தை இடித்துச் சமன்படுத்துவதற்காகக் கச்சிராயபாளையத்திலிருந்து பொக்லைன் மலையேறி வந்து நின்றது, நாங்கள் சொன்ன வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமையே.