நாற்பத்து மூன்று சதுரங்கள்

…இல்லை, நாற்பத்து மூன்று, ஓரத்துத் தகரக் கூரை வீட்டை அவள் எண்ணாமல் விட்டிருந்தாள், மூன்று மணிக் கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு மேலதிகாரி ஃபப்ரிசியோ சாப்பிடப் போய்விட்டார், மண்ணுக்கடியில் போன வீடுகள் கணினியில் மட்டும் எதற்கு நிற்க வேண்டும், நியாயம்தானே… நோஹெமி ஒரு வீட்டுச் சதுரத்தை அழித்தாள். நகரம் முழுவதும் இந்தத் திரையில் இருக்கிறது, எந்த வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு இறங்கும்… ஆறு வருடம் உட்கார்ந்து கட்டியவள் அவள்தான். சான் ஹெராசிமோ சரிவு இரண்டு வருடத்துக்கு முன்பே இதில் ஆபத்து என்று சிவந்துவிட்டது, அறிக்கை கொடுத்தாள், தேர்தல் முடியட்டும் என்றார்கள், மறுபடி கேட்டாளா? கேட்டாள்… ஒரு தடவை, மின்னஞ்சலில்.

பதினேழாம் எண், எர்மெலினா வீடு. சிவந்த பிறகு ஆட்களைச் சரிபார்க்கப் போன அன்று, சூடாக வெல்லத் தண்ணீரும் பாலாடைக்கட்டி வைத்த சோள அடையும் கொடுத்து, “உன் மிஷின்ல என் வீடு எப்ப விழுதாம் மகளே? நீ சொல்லிட்டின்னா அன்னிக்குத் துணி துவைக்க மாட்டேன்” என்று சிரித்தாள். “அது தேதியெல்லாம் சொல்லாதும்மா, பயப்படாதீங்க.” தேதி சொல்லாதுதான், சிவப்பு என்று இவள் சொல்லியிருக்கலாமே, வாயில் அடை இருந்தது, அதுதான் காரணமா… போன செவ்வாய்க்கிழமை சரிவு இறங்கியபோது புருஷனும் மகனும் உள்ளே இருந்தார்கள், எர்மெலினா ரொட்டி வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். இப்போது பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாளாம், நோஹெமி இன்னும் போகவில்லை, போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

செத்த இரண்டு பேரையும் கணக்கிலிருந்து எடுத்தாள். மூன்றாவது ஆளுக்கு வீடு எங்கே என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது, வீடில்லாத மனிதரை இது ஏற்காது, நிரலை அப்படித்தான் எழுதினாள், அப்போது அது சின்ன விஷயம்… காலியாக விட்டாள், திரையிலிருந்து எர்மெலினாவும் போய்விட்டாள். கடைசிச் சதுரம் வரை அழித்துவிட்டு கணினியில் மழைக் கணக்கை ஓட விட்டாள், அதே மழை, அதே சரிவு, மண் யார் மீதும் விழாமல் இறங்கியது, நகரத்தின் ஆபத்து எண் எழுபத்தொன்றிலிருந்து அறுபத்து நான்குக்கு வந்தது.

பின்னால் ஃபப்ரிசியோ வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. “பரவால்லையே, குறைஞ்சிருக்கே. கூட்டத்துல இதை முதல்ல காட்டு.” ஏன் குறைந்தது என்று சொல்ல வாயெடுத்தாள், “சரிங்க” என்றுதான் வந்தது. அவரைக் குறை சொல்லி என்ன… எண் இறங்கிய அந்த நொடியில், அவர் வருவதற்கு முன்பே, தன் தோள்கள் தளர்ந்ததை, அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே போனதை, அவள் இப்போதுதான் கவனித்தாள்.