கெட்டிலிடம் சொன்னது

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். நகரசபை மண்டபத்தின் தகரக் கூரை போட்ட இரைச்சலில் பாதிப் பேருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. வாசலில் ஆளுக்கொரு வண்ணச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மஞ்சள். மஞ்சள் மேசையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே இசிமேலி. என் பெரியப்பா மகன், எங்கள் தீவு வழக்கத்தில் கூடப்பிறந்த அண்ணன்தான். வளர்ந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேச மாட்டோம். மனஸ்தாபம் ஒன்றுமில்லை, மரியாதை. ஐயோ, மாட்டிக்கொண்டோமே என்று நான் தரையைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

எல்லாம் அந்த மிரியாமா செய்த வேலை. நகரசபைக்குப் புதிதாக வந்தவள், வெளிநாட்டில் வளர்ந்த பெண். பழகியவர்களே கூடி உட்கார்ந்தால் பேச்சு வளராதாம், கலந்து உட்கார வேண்டுமாம். சந்தைக்குப் பின்னால் கடலில் இறங்கும் படித்துறையை மூடி நடைபாதை போடப் போகிறார்கள். அதற்கு மக்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் படியில்தான் என் பிழைப்பே இருக்கிறது. நான் சந்தையில் விற்பதற்குத் தீவிலிருந்து இசிமேலி படகில் நாமா கொண்டுவருவார். பச்சை மணிகளாகக் கொத்துக் கொத்தாய் இருக்கும் கடற்பாசி. வெயில் ஏறினால் கசிந்து நீராகிவிடும். படகு பெரிய துறைமுகத்தைச் சுற்றி வந்தால் என் கைக்குக் கூழ்தான் கிடைக்கும். கூடையைப் படியில் வைத்துவிட்டு, அவர் கூடையிடம்தான் பேசுவார். "அடியில இருக்கிறது பிஞ்சு, பாத்துப் பிரிக்கணும்" என்பார். நான் படகிடம் பதில் சொல்வேன். இத்தனை வருஷமும் இப்படியே ஓடிவிட்டது. சில விடியல்களில், அரைத் தூக்கத்தில், கூடையே பேசுகிறதோ என்று தோன்றும்.

எங்களோடு இருந்த மூன்றாவது ஆள் வெண்டைக்காய் விற்கும் சாவித்ரி. "படி உங்க விஷயம், நான் என்னத்தப் பேச?" என்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

மிரியாமா எங்கள் மேசைக்கு வந்தாள். "இங்க யாருக்கும் ஆட்சேபணை இல்லையா? அப்போ சம்மதம்னு எழுதிக்கறேன்."

சம்மதமா! அடிப்பாவி! மரியாதைக்கு மூடிய வாய் என் படியையே மூடப் பார்க்கிறதே.

சாவித்ரி என்னை முழங்கையால் இடித்தாள். "ஏன்டி தெமலேசி, சந்தையில என் காதைத் திம்பே. இப்போ வாயில என்ன கொழுக்கட்டையா?"

மேசை நடுவில் பெரிய கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் இழுத்தேன்.

"ஏ கெட்டில், படிய மூடிட்டா நாமாவ நான் எங்க போயி வாங்குவேன்? நீயே சொல்லு."

இசிமேலி கூரையிலிருந்து பார்வையை மெதுவாக இறக்கினார். "கெட்டில், பெரிய துறைமுகத்துல சின்னப் படகைக் கட்டவே விடமாட்டாங்க. நடைபாதை வேணும்னா போடட்டும். படிகிட்ட வந்ததும் கொஞ்சம் வளைஞ்சு போகச் சொல்லு."

"படிக்கு மேல நிழல் வேணும்னும் சொல்லு கெட்டில்" என்றேன்.

"கைப்பிடி போடறதா இருந்தா வலது பக்கம். இடது பக்கம் கூடை இறங்கணும்."

மிரியாமா திகைத்தாள். "இவங்க யார்கிட்ட பேசறாங்க?"

"அண்ணன் தங்கச்சிம்மா, பேசிக்கக் கூடாது" என்றாள் சாவித்ரி. "நீதான் புண்ணியம் கட்டிக்கிட்டு எதிரெதிரா உக்கார வெச்சுட்டே."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோயிற்று. எழுதிய சம்மதத்தை அடித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கெட்டிலைப் பார்த்து, "கெட்டிலம்மா, பாதை எந்த எடத்துல வளையணும்?" என்று கேட்டாள். சாவித்ரிக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அண்ணன்கூடச் சிரித்தார். நீல மேசையில் மாமியார் எதிரே விறைத்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஒருவர் எழுந்து, "உங்க வேலை முடிஞ்சா அந்தக் கெட்டில இங்க குடுங்க" என்றார்.

முடிவு சபை கூடும்போதுதான் தெரியுமாம்.

மறுநாள் விடியலில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். படகின் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் படகு. அண்ணன் கூடையை இறக்கி வைத்தார். அன்று வழக்கமான பிஞ்சு, முற்றல் பேச்சு இல்லை. கூடையின் விளிம்பைத் தடவியபடி நின்றார்.

"மூடினாலும் மூடுவாங்க" என்றார் கூடையிடம். "ஆனா நேத்து என் தங்கச்சி நல்லாப் பேசுனா."

தங்கச்சி என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்வதற்குள் படகு சாம்பலுக்குள் போய்விட்டது. கூடையைத் தலைக்கு ஏற்றினேன். அதிலிருந்து சொட்டிய கடல்நீர் ஒவ்வொரு படியாக என் பின்னாலேயே ஏறி வந்தது.