சுலோசனா பல்பொடி

சுலோசனா என்கிற பெயர் அவளுடையதா, பல்பொடியுடையதா என்று அன்று சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுவார்கள். அந்த ஊரில் எல்லாப் பெயர்களுக்கும் இப்படி ஒரு நாள் முறை வரும். ஒரு பெயருக்கு ஒரே காரணம்தான் இருக்கலாம். தோற்றவர் பெயரில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தாளித்த ரசத்தையே மறுபடியும் தாளித்தாள்.

பல்பொடிக் கம்பெனியைத் தொடங்கியவர் அவளுடைய அப்பா. இரண்டே பல்லைக் காட்டிக்கொண்டு டப்பாவில் சிரிக்கிற குழந்தை அவள்தான். கம்பெனியை எப்போதோ விற்றாயிற்று. அந்தப் படத்தைக் காட்டினால் போதாதா என்று பெயர்க்காரண அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள்.

"பல்லு முளைக்கிற எல்லாப் பிள்ளையும் அப்பிடித்தாம்மா இருக்கும்," என்றார் அதிகாரி. "உங்கள அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுற ஆள் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் போதும்."

இதென்ன பெரிய காரியம் என்று கிளம்பினாள்.

மாடிவீட்டுத் தெய்வானை, "வாங்க மதினி," என்றாள். பெயரைச் சொல் என்றதற்கு நெடுநேரம் யோசித்து, மறுபடியும் மதினி என்றாள். கீரைக்காரம்மாவுக்கு அவள் அக்கா. தையல்காரருக்கு மேடம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த செண்பகவல்லிதான் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் பல்பொடி, எப்பிடி இருக்க?" என்றாள்.

இவளைச் சாட்சிக்குக் கூட்டிப் போவதற்குச் சும்மாவே தோற்றுவிடலாம்.

அப்பா போன தை மாதம் நாள்காட்டியாகிவிட்டார். மளிகைக்கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் தாளைக் கடைக்காரர் இன்னும் கிழிக்கவில்லை. அதை அவளே கிழித்தாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவ என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

"ராகு காலம் மூணுலேருந்து நாலர," என்றார் அப்பா.

"அப்பா."

"வடக்க சூலம், பாப்பா. பாத்துப் போ."

பிறந்ததிலிருந்து பாப்பாதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடையில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

அலுவலகம் வடக்கே இருந்தது. மிச்சம் இருந்தது புருஷன் மட்டும்தான். சபாபதி மின்வாரியத்தில் வேலை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை 'இந்தா' என்று கூப்பிட்டுவருகிறார். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனாலும் 'இந்தா'தான்.

"நாலு பேரு முன்னாடி எப்பிடிச் சொல்றது?" என்றார்.

"அங்க ஒருத்தருதாங்க இருப்பாரு."

அலுவலக நடைபாதை அவர்கள் நடக்க நடக்க நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. வழியில் பெஞ்சில் 'தெய்வநாயகம் அண்டு சன்ஸ்' குடைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிள்ளைகளே கிடையாது. பெயரில் இருக்கிற பிள்ளைகளைக் காட்டச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு குடைகளுக்குச் சட்டை மாட்டிப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

"மூத்தவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றார்.

அதிகாரியின் அறையில் பல்பொடி டப்பா முன்னமே வந்து நாற்காலியில் இருந்தது. உயரம் போதாமல் அதற்கு யாரோ தலையணை போட்டிருந்தார்கள். அவளுக்கு நாற்காலி இல்லை.

"சுலோசனான்னா என்ன அர்த்தம்?" என்றார் அதிகாரி.

"அழகான கண்ணு உள்ளவள்னு அர்த்தம் சார்."

அவர் எழுந்து வந்து அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"ஊர்ல விசாரிச்சாச்சு. வாய் நாறாதுன்னு அர்த்தம் சொல்றாங்க. சரி, சாட்சி யாரு?"

சபாபதி முன்னால் வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இந்தா," என்றார்.

"பேரு சார்."

"எங்க வீட்ல..."

"பேரு."

அவர் காது சிவந்து, நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. வாய் திறந்து திறந்து மூடியது. அவள் மனசுக்குள் சொல்லுங்க, சொல்லுங்க என்று கெஞ்சினாள். அதிகாரி பேனாவால் நாற்காலியைக் காட்டினார்.

"அது என்ன?"

"சுலோசனா," என்றார் சபாபதி. ஒரு தடங்கலும் இல்லை.

அத்தோடு விசாரணை முடிந்தது. பெயர் எந்த வீட்டில் இருந்ததோ அங்கேதான் இனியும் இருக்க வேண்டும் என்று சொல்லி டப்பாவையும் அவர்களோடு அனுப்பிவைத்தார்கள். ஸ்கூட்டரின் பின்சீட்டில் டப்பா ஏறிக்கொண்டது. மூன்று பேருக்கு இடமில்லை. சபாபதி மெதுவாகவே ஓட்டினார். அவள் பின்னால் நடந்தாள்.

பாலம் தாண்டியதும் அவர் லேசாகத் தலையைத் திருப்பினார்.

"சுலோசனா, பசிக்குதா?"

அந்தக் குரலில் அப்படி ஓர் இதம் இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஆமாங்க," என்றாள்.

"உன்னக் கேக்கல," என்றார் அவர், கோபமில்லாமல்.

இன்னொரு தடவை கேட்பாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு, வண்டியைத் தவறவிடாமல் அவள் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போனாள்.